கூரை உள்ளார்க்கே கதிரவனா?

ஞாயிறு எவர்க்கும் தனியுடைமை அன்று. மாளிகையின் மாடத்தில் விழும் கதிரே ஓலைக் குடிசையின் முகட்டிலும் விழுகின்றது. அது எவரிடமும் வரிச்சீட்டுக் கேட்பதில்லை. மனையாவணம் உண்டா என்று உசாவுவதில்லை. ஆனால், அக்கதிரை மின்னாற்றலாக்கிக் கொள்வதற்கு அரசு நீட்டும் உதவி மட்டும் அவ்வாறு விழுவதில்லை. அது கூரை பார்த்து விழுகின்றது. கூரைக்கு உரியவன் யார் என்று பார்த்து விழுகின்றது. உரியவன் கையில் முன்பணம் இருக்கின்றதா என்றும் பார்த்து விழுகின்றது. இயற்கை பொதுவாக வைத்ததை ஆட்சி பங்கிட்ட முறை இது. இதனைத் தமிழ்மக்கள் ஆராய்ந்து பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

2024-ஆம் ஆண்டில் தில்லி அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் பெயர் "பிரதான் மந்திரி சூர்ய கர் முப்த் பிச்லி யோசனா" என்பது. குமரி முதல் திருத்தணி வரை உள்ள தமிழ்நாட்டு வீடுகளுக்கும் இதே பெயர்தான். தலைமை அமைச்சர் பெயரால் கதிரவ இல்லத்துக்கு விலையில்லா மின்சாரம் தரும் திட்டம் என்பதே இதன் பொருள். தமிழர் காதில் அந்தக் கடைசிச் சொல் 'யோசனை' என்றே ஒலிக்கும். எண்ணிப் பார்த்தே தீரவேண்டிய திட்டந்தான் இது! ஒரு கோடி வீடுகளின் கூரைமேல் கதிரொளித் தகடுகளை அமைப்பது இதன் நோக்கம். இதற்கு ஒதுக்கிய தொகை 75,021 கோடி உருபா. 2026-27 வரை இதனை நடத்துவதென்பது ஏற்பாடு.

நோக்கத்தில் குற்றம் காண்பதற்கில்லை. நிலக்கரிப் புகையால் நாடு மூச்சுத் திணறுகின்றது. எரிநெய்க்கும் எரிவளிக்கும் அயல்நாடுகளை எதிர்நோக்கி நிற்கின்றது. தன் வீட்டுக்கு வேண்டிய மின்னாற்றலைத் தன் வீட்டின் மேலேயே ஆக்கிக்கொள்வது தற்சார்பு வாழ்வின் அடிப்படை. ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் தமிழகத்துக்கு இது கைமேல் கிடைத்த செல்வம். எனவே, கதிரொளித் தகடு வேண்டுமா வேண்டாவா என்பது இங்கு வினா அன்று. அதற்கென அரசு தரும் நல்கை எவர் கைக்குச் செல்கின்றது என்பதே வினா.

திட்டத்தின் வரையறையைப் பார்க்கலாம். இரண்டு கிலோவாட்டு வரை, கிலோவாட்டு ஒன்றுக்கு 30,000 உருபா நல்கை. மூன்றாம் கிலோவாட்டுக்கு 18,000 உருபா. அதற்கு மேல் எத்துணைப் பெரிதாக அமைப்பினும் 78,000 உருபாவே எல்லை. இந்நல்கை, அரசு கணித்த அடிப்படை விலையில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு 60 விழுக்காடு. மூன்றாவதற்கு 40 விழுக்காடு. இக்கணக்கின்படி மூன்று கிலோவாட்டின் அடிப்படை விலை 1,45,000 உருபா. நல்கை போக வீட்டுக்காரர் இடவேண்டியது 67,000 உருபா. அதுவும் எப்பொழுது? தகடுகளை அமைத்து, மின்கட்டமைப்போடு இணைத்து, ஆய்வு முடிந்த பின்னர்தான் நல்கை வைப்பகக் கணக்கில் வந்து சேரும். முன்னதாக முழுத்தொகையையும் கைப்பணமாகவோ கடனாகவோ திரட்டியாக வேண்டும். அமைக்கும் இடமும் சிறிதன்று. கிலோவாட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி, நிழல் விழாத கூரை வேண்டும். அக்கூரையுள்ள வீடும் சொந்தமாக இருத்தல் வேண்டும்.

இனி, இவ்வரையறைகளின் வாயிலுக்கு வெளியே நிற்போர் யாவர் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு நடுங்கும். ஓலையும் தகரமும் வேய்ந்த குடிசையில் வாழ்வோர் வெளியே நிற்கின்றனர். அவர்தம் முகடு தகட்டின் சுமையைத் தாங்காது. நகர்களில் குடிக்கூலிக்கு இருப்போர் வெளியே நிற்கின்றனர். அவர்கள் தலைக்குமேல் உள்ள கூரை அவர்களுடையதன்று. அடுக்குமாடியில் ஓர் அறையும் ஒரு கூடமும் கொண்டு வாழ்வோர்க்கு மொட்டைமாடியில் தனியுரிமை இல்லை. வால்பாறையிலும் நீலமலையிலும் தேயிலைத் தோட்டங்களின் வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தொழிலாளிக்குக் கூரையும் தோட்டத்துக்குரியது; சுவரும் தோட்டத்துக்குரியது. ஓய்வு பெறும் நாளில் அவர் கைவீசி வெளியேற வேண்டியவர். இத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிட்டு உள்ளே விருந்து நடக்கின்றது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "ஏழைக்குத்தான் மின்சாரம் ஏற்கெனவே விலையின்றிக் கிடைக்கின்றதே! குடிசை இணைப்புக்குக் கட்டணம் இல்லை. மற்ற வீடுகளுக்கும் இரு திங்களுக்கு முதல் 100 அலகு விலையில்லை என்னும் ஏற்பாடு தமிழகத்தில் 2016-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. மின்கட்டணமே செலுத்தாதவனுக்கு மின்தகடு எதற்கு?" என்பது அம்மறுப்பு. மேலோட்டமாக நோக்கின் இது சரியெனவே தோன்றும். ஆழ்ந்து நோக்கினால்தான் இதனுள் மறைந்திருக்கும் ஓரவஞ்சனை புலப்படும்.

விலையில்லா நூறு அலகு என்பது கொடை. கூரைமேல் அமைந்த தகடோ உடைமை. கொடையை ஆண்டுதோறும் அரசு தன் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதினால்தான் உண்டு. கருவூலம் வறண்டாலோ, ஆள்வோர் மனம் மாறினாலோ, ஒரு கையெழுத்தில் அது நின்றுபோகும். தகடு அத்தகையதன்று. ஒருமுறை அமைத்தால் இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும். எந்த ஆட்சி வந்தாலும் காலையில் ஞாயிறு எழும். எழுந்தால் அது மின்னாற்றலை ஆக்கும். எஞ்சியது மின்கட்டமைப்புக்குச் சென்று வீட்டுக் கணக்கில் வரவாகும். ஆக, அரசு உடையார்க்கு உடைமையைச் சேர்க்கின்றது. இல்லார்க்குக் கொடையை அளக்கின்றது. ஒருவன் கால்நூற்றாண்டுக்கு முதலாளியாகின்றான். மற்றொருவன் அதே கால்நூற்றாண்டுக்கும் கையேந்தியாகவே வைக்கப்படுகின்றான். இரண்டுக்கும் 'உதவி' என்றே பெயர்!

இவ்வுதவிக்கான பணம் எங்கிருந்து வருகின்றது? தில்லியின் கருவூலத்திலிருந்து. அக்கருவூலம் எவரால் நிரம்புகின்றது? வழலைக் கட்டியும் செருப்பும் வாங்கும் கூலியாளும் அதற்கு வரி செலுத்துகின்றான். குடிசைக்காரனின் செம்புக்காசும் அதில் இருக்கின்றது. அவன் காசு அடுத்த தெருவின் மாடிவீட்டுக் கூரைமேல் நீலத்தகடாக மின்னுகின்றது.

மின்கட்டணத்தின் அமைப்பும் இதே திசையிலேயே தள்ளுகின்றது. பயன்பாடு கூடக்கூட அலகின் விலையும் கூடுவது தமிழகத்துக் கட்டண முறை. குளிர்பதனப் பெட்டிகள் பலவற்றை இயக்கும் வீடு மிக உயர்ந்த விலையில் மின்னாற்றலை வாங்குகின்றது; ஆகவே தகடு அமைத்தால் மிகப் பெரிய தொகையை மிச்சப்படுத்துவதும் அவ்வீடே. பகலில் மிஞ்சியதைக் கட்டமைப்பில் விட்டு, இரவில் அங்கிருந்தே வாங்கிக் கொள்ளலாம். ஆனால் இரவு மின்னாக்கத்துக்கும் கம்பிகளின் பேணுகைக்கும் ஆகும் செலவு குறைவதில்லை. அது மற்றவர் தலையில் மெல்ல மெல்ல ஏறுகின்றது. குறைந்த அலகு எரிக்கும் வீட்டுக்கோ தகடு அமைத்து மிச்சப்படுத்த ஒன்றுமில்லை. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இத்திட்டத்தின்கீழ் மிகுதியான கூரைகளில் தகடு அமைத்த முதல் ஐந்து மாநிலங்கள் குசராத்து, மராட்டியம், உத்தரப்பிரதேசம், கேரளம், இராசசுத்தான் என அரசு அறிவித்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத தமிழகம் அவ்வைந்தில் இல்லை. குறைந்த கட்டணத்தில் வாழும் வீடுகள் மிகுந்த நாட்டில் இத்திட்டத்தின் வரையறை பொருந்தி வரவில்லை என்பதற்கு இது ஓர் அடையாளம்.

இக்குறை தில்லியில் மட்டும் தோன்றியதன்று. கதிரொளியில் உலகுக்கு வழிகாட்டிய நாடுகளும் இதே பள்ளத்தில் இடறியிருக்கின்றன. அவர்கள் இடறியதும் எழுந்ததும் அறிந்தால், தமிழகம் அப்பள்ளத்தில் வீழாமல் கடக்கலாம்.

செருமனி நாடு 1999-இல் ஒரு நூறாயிரம் கூரைகளுக்கெனக் குறைந்த வட்டிக் கடன் திட்டத்தைத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் இயற்றியது. கூரையில் ஆக்கிய மின்னாற்றலை நிலையான விலையில் 20 ஆண்டுகளுக்கு வாங்கிக் கொள்ளவேண்டும் என்பது அச்சட்டம். கூரைகள் தகடுகளால் நிறைந்தன. ஆனால், அவ்விலைக்கான பணம் மின்பயன்படுத்துவோர் அனைவரின் கட்டணத்திலும் ஒரு தனித்தீர்வையாக ஏற்றப்பட்டது. 2017-இல் அத்தீர்வை அலகுக்கு 6.88 செண்டு வரை உயர்ந்தது. அந்நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் குடிக்கூலி வீடுகளில் வாழ்பவர்கள். கூரையில்லாத அவர்கள், கூரையுள்ளவர்க்குத் திங்கள்தோறும் திறை செலுத்தினர். இருபதாண்டுகளுக்கு மேல் சென்ற பின்னர், 2022-இல் அத்தீர்வையை நீக்கி, அச்சுமையை அரசே தன் கருவூலத்தில் ஏற்றுக்கொண்டது.

பிரித்தானியாவின் கதை இதனினும் பாடம் மிக்கது. 2010-இல் அந்நாடு சிறு வீட்டுக் கூரையின் மின்னாற்றலுக்கு அலகுக்கு 41.3 பென்சு என்று, விலைவாசியோடு உயரும் வகையில், 25 ஆண்டுகளுக்கு உறுதி கூறியது. இச்செலவும் எல்லார் மின்கட்டணத்திலும் ஏறியது. அடுத்த ஆண்டே செலவு மலைத்தது. 2011-ஆம் ஆண்டின் இறுதியில் புதிதாக அமைப்போர்க்கு அவ்விலையை ஏறத்தாழ பாதியாகக் குறைப்பதாக ஆறு கிழமைக்குள் அறிவித்து நடைமுறைப்படுத்த முனைந்தது. அம்முறை சட்டத்துக்கு மாறானது என்று முறைமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் புதியவர்க்குத் திட்டத்தையே மூடியது. கதவு திறந்திருந்த நாளில் முதலோடு ஓடி நுழைந்தவன் வாழ்ந்தான். பணம் சேர்த்துக்கொண்டு பின்னால் வந்தவன் மூடிய கதவைக் கண்டான்.

குளிர்நாடாகிய அங்கு, வீட்டில் செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி குளிர் போக்குவதற்கே செல்கின்றது. எரிவளிக் கொதிகலனை நீக்கி, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளிழுத்து வீட்டைக் கதகதப்பாக்கும் வெப்பஏற்றியைப் பொருத்துவோர்க்கு 2022-இல் 5,000 பவுண்டு நல்கை அறிவிக்கப்பட்டது. 2023-இல் அது 7,500 பவுண்டாக உயர்த்தப்பட்டது. குளிர்பெட்டியின் மறுதலையான இக்கருவி, ஓர் அலகு மின்னாற்றலைக் கொண்டு ஏறத்தாழ மூன்று அலகு வெப்பத்தைத் தரும். நல்ல கருவிதான். ஆனால், நல்கை கேட்கும் உரிமை வீட்டுக்கு உரியவர்க்கே உண்டு. நடுங்குபவன் குடியிருப்போன், நல்கை கேட்கவேண்டியவன் வீட்டுக்காரன். நடுங்காதவன் எதற்காகக் கேட்பான்?

இந்நாடுகள் செய்தவையெல்லாம் வீண் என்று கூறுவது நேர்மையாகாது. அவை அன்று அள்ளிக் கொடுத்ததனால்தான் தகடுகள் பெருமளவில் ஆக்கப்பட்டன. ஆக்கப்பட்டதனால்தான் உலகெங்கும் விலை வீழ்ந்தது. இன்று தமிழகத்தில் ஒரு சிறுகுடி தகடு வாங்க எண்ணிப் பார்க்கக்கூட முடிகின்றதென்றால், அதன் பின்னே செருமானியக் குடிமக்கள் செலுத்திய தீர்வையும் உண்டு. ஆனால், விலையை வீழ்த்துவதற்காக வசதியுள்ளவனைத் தூண்டிய காலம் கடந்துவிட்டது. வீழ்ந்துவிட்ட விலையைப் பயன்படுத்தி இல்லாதவனை எட்டவேண்டிய காலம் இது. பழைய மருந்தையே புதிய நோய்க்கும் தருவது மருத்துவம் ஆகாது.

செருமனி இதனைக் காலந்தாழ்த்தியேனும் உணர்ந்தது. 2024-இல் அது செய்த இரண்டு மாற்றங்கள் கருதத்தக்கவை. ஒன்று, மாடிமுகப்பின் கம்பியழியில் மாட்டி, வீட்டு மின்செருகியிலேயே இணைக்கும் 800 வாட்டு வரையிலான சிறு தகடுகளுக்கு எளிய பதிவு முறை. அவற்றை அமைத்துக் கொள்ளக் குடிக்கூலிக்கு இருப்போர்க்கும் சட்டம் துணை நின்றது. பெர்லின் நகர் அதற்கு 500 யூரோ வரை நல்கையும் கொடுத்தது. மற்றொன்று, வெப்பக் கருவிக்கான நல்கையை வருவாய்க்கேற்ப அளந்தது. எல்லார்க்கும் அடிப்படை 30 விழுக்காடு. தாம் வாழும் வீட்டுக்கு உரியவராய், ஆண்டு வருவாய் 40,000 யூரோவுக்கு மேற்படாதவராய் இருப்போர்க்கு மேலும் 30 விழுக்காடு. ஏற்றத்தாழ்வை அறிந்து அளக்கும் கோல் அது.

தமிழகத்துக்கு இவ்வறிவு புதியதா என்றால், அன்று. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய பசுமைவீட்டுத் திட்டத்தில், வறுமைக்கோட்டின் கீழுள்ள குடும்பங்களுக்கு 300 சதுர அடியில் வீடு கட்டித் தந்தபோதே, கதிரொளி விளக்குகளையும் சேர்த்துத் தந்தது. ஏழை தன் கைப்பணம் இட்டு விளக்கு வாங்கி, பிறகு நல்கை கேட்டு நிற்கவில்லை. வீட்டோடு விளக்கும் வந்தது. அண்டை நாடாகிய ஆந்திரமும், ஒடுக்கப்பட்ட மக்களின் வீடுகளுக்கு இரண்டு கிலோவாட்டு வரை விலையின்றி அமைத்துத் தருவதாக அறிவித்தது. தில்லியின் நல்கையோடு மாநிலத்தின் பங்கையும் சேர்த்து இல்லாதவனுக்கு முழுமையாக்க முடியும் என்பதை இவை காட்டுகின்றன.

செய்யவேண்டியவை தெளிவானவை. அரசு கட்டித்தரும் ஒவ்வொரு வீடும் தகட்டோடு கட்டப்பெறுதல் வேண்டும். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தின் வீட்டில் 360 சதுர அடி உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி போதும். ஒரு கிலோவாட்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு அலகு தரும். இரு திங்களில் ஏறத்தாழ 240 அலகு. நூறு அலகுக்குள் வாழும் குடும்பத்துக்கு அது தேவைக்கும் மிகுதி. அக்குடும்பத்துக்கென ஆண்டுதோறும் அரசு ஈடுசெய்யும் தொகை அரசுக்கே மிஞ்சும். ஆண்டுதோறும் கொடுக்கும் கொடையை ஒருமுறை உடைமையாக்கிக் கொடுப்பதில் அரசுக்கு இழப்பு இல்லை. ஏழைக்கு நிமிர்வு உண்டு.

கூரையே இல்லாதார்க்குப் பொதுக்கூரைகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளின் மேலும் ஊராட்சிக் கட்டடங்களின் மேலும் தகடுகளை அமைத்து, அதன் மின்னாக்கத்தில் அவ்வூரின் குடிசையாளர்க்கும் குடிக்கூலிக்காரர்க்கும் பங்கு எழுதி, அப்பங்கினை அவரவர் மின்கணக்கில் வரவு வைக்கலாம். குடிபெயர்ந்தால் பங்கும் அவரோடு பெயரவேண்டும். தோட்ட வரிசை வீடுகளில் தகடும் கதிரொளி வெந்நீர்க் கலமும் அமைப்பதைத் தோட்டங்களின் கடமையாக்க வேண்டும்; மலைக்குளிரில் விறகு சுமந்து தோள் காய்ந்த பெண்களுக்கு அது அரசு செய்யும் மிகச் சிறிய கைம்மாறு. நல்கையை வருவாய்க்கேற்ப அளக்க வேண்டும். அதனை எத்தனை ஆண்டுக்குத் தருவது, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை முன்கூட்டியே சட்டத்தில் எழுதிவிட வேண்டும்; பிரித்தானியாவைப் போல் ஓரிரவில் கதவு மூடலாகாது.

இன்னொன்றும் உண்டு; அது மொழி. தன் பெயரைச் சொல்லிக் கேட்கத் தெரியாத உதவியை ஏழை எப்படிக் கேட்பான்? திட்டத்தின் பெயர் இந்தியில். கருவிகளின் பெயர் ஆங்கிலத்தில். நடுவில் நிற்பவன் தரகன். புரியாத சொல் ஒவ்வொன்றும் தரகனுக்கு ஒரு வாயில். கதிரொளித் தகடு, மின்மாற்றுவி, வரவும் செலவும் கழித்துக் காட்டும் நிகர அளவி என்று தமிழில் எழுதினால், எழுதப் படிக்கத் தெரிந்த எந்த உழவனும் தானே கேட்பான். தானே கணக்குப் பார்ப்பான். ஏமாற்ற வருபவனைத் தானே தடுப்பான். மின்னாற்றல் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் உள்ளது. அதில் தமிழக அரசுக்கும் பங்கு உண்டு. தன் மக்களுக்குத் தன் மொழியில் கூறுவதற்கு எவரிடமும் இசைவு பெறவேண்டியதில்லை.

தமிழ்மக்கள் கேட்கவேண்டியது இரக்கத்தை அன்று, பங்கை. வரி எல்லாரிடமும் வாங்கப்படுகின்றது; வெயில் எல்லார் மீதும் காய்கின்றது. கழனியில் முதுகு கருக உழைப்பவனைவிட வெயிலுக்கு உரியவன் யார்? அவ்வுழைப்பாளியின் முகட்டில் ஒரு தகடு ஏறும் நாளில்தான் இந்நாட்டின் கதிரவன் பொதுவானவன் ஆவான். அதுவரை, எத்தனை கோடி உருபா ஒதுக்கினும், எத்தனை கோடிக் கூரைகள் மின்னினும், அது உடையார் வீட்டு விளக்கே!